ஒன்பது பேரும் ஒரே ஆளாம்!

"இல்லடா கருப்பசாமி, உன் அம்பது ரூபாய நான் துன்னல! இன்னிக்கு வந்துடுச்சு பாத்தியா? டீக்கடையில நின்னுக்கினு 'பெருசு ஆட்டைய போட்டுடுச்சு'ன்னு மைக் இல்லாம பேசினியே, இப்ப பேசு!"

(கருப்பசாமி இப்போது இங்கே இல்லை. மார்னிங் ஷிப்டில் இருக்கிறான். அவன் போன் என் அலமாரியில் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவு சத்தம்!)

விஷயம் தெரியாதவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

சுங்குவார்சத்திரத்தில் என் வீட்டு மாடியில் மூன்று ரூம். வாடகைக்கு ஒன்பது பையன்கள், எல்லாரும் தெற்கத்திக்காரர்கள். செல்போன் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கம்பெனிக்குள்ளே செல்போன் கொண்டு போகக்கூடாது!

அதனால் ஷிப்டுக்குக் கிளம்பும்போது போனை என் அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

போன மாதம் ஒரு ரீசார்ஜ் ஆப் விளம்பரம் பார்த்தேன். முதல் ரீசார்ஜுக்கு ஐம்பது ரூபாய் கேஷ்பேக்!

பையன்களிடம் இருந்ததெல்லாம் பட்டன் போன். ஆப் போடுகிற போன் என்னிடம்தான். (மகள் வாங்கிக் கொடுத்தாள். இன்னும் வருத்தப்படுகிறாள்.)

ஆளுக்குக் கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவர் நம்பரையும் என் போனில் போட்டேன். அலமாரிக்குள் டொய்ங், டொய்ங் என்று ஓடிபி வந்தது. எடுத்துப் பார்த்துப் பார்த்து அடித்தேன். ஒன்பது ரீசார்ஜும் அரை மணியில் முடிந்தது.

கேஷ்பேக்? ஒன்பது பேருக்கும் முட்டை!

கருப்பசாமி சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். நேராக வந்து நின்றான்.

"எங்க நம்பரு, எங்க துட்டு. கேஷ்பேக் மட்டும் எங்க போச்சுன்னு சொல்லுதியளா இல்லியா தாத்தா?"

"எனக்கே வரலடா!"

"ஒங்க போன்லதான எல்லாம் நடந்துச்சு?"

மறுநாள் காலையில் என் அலமாரி காலி. ஒன்பது போனும் டீக்கடைக்குக் குடி போய்விட்டன. மாதக் கடைசியில் ஆட்களும் கிளம்பப் போகிறார்கள் என்று டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ரூமுக்கு வேறு ஆள் வரும். 'ஆட்டைய போட்ட பெருசு' என்கிற பட்டம் போகுமா?

கஸ்டமர் கேருக்குப் போட்டேன்.

"சார், ஒரு போனுக்கு ஒரு கேஷ்பேக்தான். உங்க போனுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு."

(பையன்கள் பக்கத்தில் இருந்தார்கள். நல்லவேளை, அப்போது ஸ்பீக்கரில் போடவில்லை!)

"அம்மாடி, விளம்பரத்துல ஒரு நம்பருக்கு ஒண்ணுன்னுதான போட்டுக்கீது? போனப் பத்தி ஒரு எழுத்து இல்லியே! பிரிண்ட் எடுத்து வச்சிக்கிறேன், படிக்கட்டா?"

"ஒன்பது நம்பரும் ஒரே ஆளுன்னு சிஸ்டம் காட்டுது சார்."

"நான் ஒருத்தன் ஒம்போது பேரு ஷிப்டு பாக்க முடியுமாம்மா? முட்டி வலி வேற கீது!"

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. ஒன்பது பேர் போட்டோவும் மெயிலில் அனுப்பச் சொன்னாள்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்க இறங்க ஒவ்வொருவனையும் நிறுத்தி எடுத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். எல்லாருக்கும் கம்பெனி கொடுத்த ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பி, எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த ஒரே மூஞ்சி!

பதில் வந்தது: "ஒரே நபரின் ஒன்பது புகைப்படங்களை ஏற்க இயலாது."

ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் லீவு. வரிசையில் நிறுத்தி, இந்தத் தடவை ஸ்பீக்கரிலேயே போட்டேன். மதுரைக்காரன் பேசினான். ராமநாதபுரத்துக்காரன் பேசினான். கருப்பசாமி, "நாந்தான் பேசுதேன், ரூவாய அனுப்புங்க" என்றான்.

ஒன்பது குரலையும் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"மிமிக்ரி சூப்பர் சார்! ஆனா கேஷ்பேக் வராது."

கருப்பசாமி தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

"தாத்தா, நான் இருக்கேனா இல்லியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் பேனாவை எடுத்தேன்.

'விளம்பரத்தில் இல்லாத கண்டிஷனை, நாங்கள் பணம் கட்டிய பிறகு சேர்ப்பது நியாயம் இல்லை. விளம்பரப் பிரிண்டும் ரீசார்ஜ் ரசீதும் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் தராவிட்டால் காஞ்சிபுரம் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடுவோம். ஒன்பது பேரும் வருவோம். ஒரே ஆள்தான் என்று ஜட்ஜ் அய்யா முன்னால் எண்ணிக் காட்டுங்கள்.'

ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். ரிஜிஸ்டர் போஸ்ட், அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டோடு. கார்டு கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

இன்று காலை ஆறு மணிக்குக் கருப்பசாமி கேட்டுக்கு வெளியே நின்று கத்தினான்.

"தாத்தா! கேஷ்பேக் வந்துட்டு! ஒம்பது பேரு போனுக்கும் மெசேஜ் வந்துட்டு!"

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவனோடு நடந்தேன். அங்கே தன் போனை எடுத்து என் கையில் வைத்தான்.

"பழையபடி ஒங்க அலமாரியிலயே இருக்கட்டும். மத்தவனுவளும் கொண்டாந்து தருவானுவ. நாங்க பேசுனத மனசுல வச்சுக்கிடாதிய தாத்தா."

இப்படிக் கோபமே இல்லாமல் பேசினால் மனுஷன் என்னதான் செய்வது? திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்!

"கருப்பசாமி, ஒண்ணு சொல்லணும்டா. 'எனக்கே வரல'ன்னு சொன்னேன்ல, அது பொய்."

"என்ன தாத்தா?"

"ஒங்களுக்குப் போடறதுக்கு முந்தி, ஒர்க் ஆவுதான்னு என் நம்பருக்கு ஒண்ணு போட்டுப் பாத்தேன். அந்த அம்பது ரூபா..."

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது.

"ஷிப்டு முடிஞ்சு வந்து பேசுவோம் தாத்தா!"

"டேய், நில்லுடா! அது எனக்கு வந்துச்சுடா! அதனாலதான் ஒங்க ஒம்போது பேருக்கும்..."

ஏறிவிட்டான். கதவு மூடிக்கொண்டது.