சரிவில் நேராக நின்ற அம்பு

பதினோராம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அவள் வரைந்த படம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு சரிவு, அதன்மேல் அசையாமல் இருக்கும் பெட்டி, இரண்டே அம்புகள். எடையைக் காட்ட ஒன்று கீழே. அதே நீளத்தில் இன்னொன்று நேர் மேலே. தயங்காமல் அழுத்திப் போட்டிருந்தாள். அதன் குறுக்கே சிவப்பு மையால் கோடு கிழித்தவள் நான்.

அவள் என் பெஞ்சுக்காரி. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து வருவாள். நான் அதே எஸ்டேட் கிளார்க்கின் மகள். வகுப்பில் முதல் ரேங்க் என்பதால், பிசிக்ஸ் மிஸ் விடைத்தாள்களை என்னிடம் தள்ளிவிட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

புத்தகத்தில் அந்தப் படத்துக்கு மூன்று அம்புகள். எடை ஒன்று, தரை சரிவுக்குச் செங்குத்தாகத் தள்ளும் விசை ஒன்று, சரிவோடு மேல்நோக்கி உராய்வு ஒன்று. தேர்வுக்கு முன்பே இதற்காக என்னிடம் சண்டை பிடித்திருந்தாள். "பொட்டிதான் அசையலையே புள்ள. எங்கம்மா சரிவுல நிக்கறப்ப மலை அவளை நேரா மேலதான் தாங்குது. இல்லீன்னா உருண்டு போயிர மாட்டாளா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அதை மறைக்கச் சிரித்துவைத்தேன்.

தாளை மிஸ்ஸிடம் காட்டினேன். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "புக்குல மூணு, இவகிட்ட ரெண்டு. முட்டை போடு" என்றார். போட்டேன். கூட்டிப் பார்த்தால், பாஸாக இரண்டு மார்க் குறைந்தது. பிசிக்ஸில் தேறாதவர்களை சயின்ஸ் குரூப்பை விட்டு மாற்றிவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். அவளுக்கோ நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு அந்த குரூப் வேண்டும். இது எங்கள் இருவருக்குமே தெரியும். மிஸ்ஸிடம் நல்ல பெயர் கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். வேறு குரூப்பில் அரையாண்டு வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு தேயிலை பறிக்கப் போய்விட்டாள்.

கல்லூரியில் முதல் வருடம் விசைகளைக் கூட்டக் கற்றுக்கொடுத்தார்கள். தரை தள்ளும் விசையையும் உராய்வையும் கூட்டினால் ஒரே அம்பு வருகிறது: நேர் மேலே, எடையின் நீளத்தில். அவள் வரைந்த அம்பு. ஆனாலும் அதை அவளிடம் போய்ச் சொல்லப் பதினெட்டு வருடம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் நான் அதே பள்ளியில் பிசிக்ஸ் டீச்சராகியிருந்தேன்.

போன மாதம்தான் போனேன். சரிவின் நடுவே பறித்துக்கொண்டிருந்தாள்.

"உன் அம்பு சரிதான்டி. நான்தான் தப்பாத் திருத்திட்டேன்."

அவள் கை நிற்கவில்லை.

"சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. முட்டை போட்டது ஆருன்னும் தெரியும். பக்கத்துல உக்காந்தவளுக்கு உங்க கையெழுத்துத் தெரியாதுங்களா?" என்றாள். பிறகு, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மிஸ். இந்த வரிசையை மத்தியானத்துக்குள்ள முடிக்கோணும்."