கேலரிக்கென்று போட்ட பூமி பூஜை

அந்தக் குழியில் முதல் செங்கல்லை வைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கோல்கீப்பர் வைத்தான், என் மனைவி வைத்தாள், ஊரே வைத்தது. ஆனால் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, "தாயே, உன்மேல மண்வெட்டி போடறோம், பொறுத்துக்கோ" என்று பூமாதேவியிடம் உத்தரவு கேட்டது என் வாய்.

நான் அய்யர் இல்லை. ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. எந்த ஷிஃப்ட் ஆனாலும் செவ்வாய்க்கிழமை குன்றத்தூர் மலை ஏறிவிடுவேன். அதனால் எல்லாருக்கும் நான் "சாமி". எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்பில் ஒவ்வொரு சீசனும் தொடங்கும்போது கோல் கம்பத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, நடுக்கோட்டில் பூசணிக்காய் உடைப்பது என் பொறுப்பு. கிறிஸ்தவப் பிள்ளைகளும் பக்கத்தில் நின்று, அவர்கள் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவார்கள். யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை.

கிளப்புக்கு ஓனர் என்று ஒருவர் வந்து நான்கு வருடம் ஆகிறது. கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவர். லீக்கில் ஆட வேண்டுமானால் கிளப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். எங்களுக்கு அந்த வழி தெரியாது, அவர் கையில் கொடுத்துவிட்டோம். அடுத்த வருடமே எங்கள் பச்சைச் சட்டை போய், அவர் வேன் நிறத்தில் மஞ்சள் சட்டை வந்தது. பொறுத்துக்கொண்டோம். பிறகு எங்கள் நல்ல ஃபார்வர்டை ஒரு வார்த்தை சொல்லாமல் சென்னை டீமுக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு என் மனைவி கத்தியது ரோட்டில் போன கன்டெய்னர் லாரி வரைக்கும் கேட்டிருக்கும்.

"யோவ், கோல் போடறவன வித்துட்டு இன்னா பண்ணப் போற? வேன் டிரைவர எறக்கி ஆட வெப்பியா?"

கேலரி வேண்டும் என்று முதலில் கேட்டதும் அவள்தான். மைதானத்தில் பெண்கள் உட்கார ஒரு கல் கிடையாது. முட்டி வலியோடு, குடையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை வெயிலில் நிற்பாள்.

ஆவணி பிறந்ததும் ஓனர் எனக்கே போன் செய்தார்.

"சாமி, கேலரி கட்டப் போறோம். பூமி பூஜ போடணும். அய்யரு கிய்யருலாம் வேணாம். உங்க கைராசிதான் நம்ம டீமுக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்தின நாள் விரதம் இருந்தேன். காலையில் மைதானத்தின் ஈசானிய மூலையில் குழி தோண்டி, பால் ஊற்றி, நவதானியம் போட்டேன். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர் ஏதோ வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தட்டில்தான் கண். சத்தமாகவே வேண்டினேன். "முருகா, இந்த எடத்துல எங்க பொம்பளைங்க நெழல்ல குந்திகினு ஆட்டம் பாக்க கேலரி வரணும். ஆடறவங்க கை கால் ஒடியாம ஆடணும்." ஓனர் செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றார். கற்பூரத்தைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அவர் நெற்றியில் விபூதி பூசியதும் நான்தான். அவருடைய ஆள் எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்தார்.

பத்து நாள் போயிருக்கும். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறேன். மைதானத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரம். ரோட்டோரம் ஒரு பலகை: சரக்குக் குடோன் அமையும் இடம். பஸ் வேறு வழியாக வந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். தகர இடுக்கில் பார்த்தால், நான் பூஜை போட்ட அதே மூலையில் ஜேசிபி நிற்கிறது. கோல் கம்பம் இரண்டையும் பிடுங்கி வெளியே முள்ளுச்செடிமேல் போட்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியாது. தெய்வத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றாரே, அப்போது இந்த மனிதர் என்ன வேண்டிக்கொண்டார்? அதுவேதான் மண்டையில் ஓடியது. இதை ஒருவரால் செய்ய முடியும் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

டீக்கடைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னா சாமி, குடோனுக்கா கற்பூரம் கொளுத்தின?"

"சாமிக்கு அங்கியே வாட்ச்மேன் வேல சொல்லியிருப்பாங்கடா."

கோல்கீப்பர் எழுந்தான். வெல்டிங் லைனில் வேலை செய்பவன், வாய் அதிகம் பேசமாட்டான். "டேய், நீயும்தான கல்லு வெச்ச?"

"நானு சாமி சொல்லிச்சேன்னு வெச்சேன்."

டீ சொல்லாமலே வெளியே வந்தேன்.

மறுநாள் நானும் கோல்கீப்பரும் ஸ்ரீபெரும்புதூரில் ஓனரின் ஆபீசுக்குப் போனோம். சிரித்த முகமாக வரவேற்றார்.

"குந்துங்க சாமி. கேலரிதான? வேற எடத்துல பாத்துக்கலாம்."

"கேலரின்னு சொல்லித்தானே எங்கள வரச் சொன்னீங்க?"

"அந்த எடத்துல பாதி நான் வாங்கினது. மீதி மேய்க்கால் பொறம்போக்கு, சர்க்கார் நெலம். அதுக்கு ஊர் சம்மதம் கீதான்னு தாலுகா ஆபீசுல கேட்டாங்க. வீடியோவ குடுத்துட்டேன். ஊரே வந்து கல்லு வெச்சீங்களே!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூஜ போட்டவரு நீங்க. இப்ப நீங்களே வேணாம்னு சொன்னா தெய்வக் குத்தம் ஆவாதா சாமி?"

இரண்டு நாளாக எனக்குள் இருந்த பயமே அதுதான். அதை எடுத்து என்மேலேயே வீசுகிறார்.

தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். நான் வாய் திறக்காவிட்டால் வீடியோ பேசிவிடும், மைதானம் போய்விடும். திறந்தால், நானே செய்த பூஜை பொய் என்று ஊர் முன்னால் சொன்னதாகிவிடும். செவ்வாய்க்கிழமை மலைக்குப் போய் அழுதேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான் படி இறங்கும்போது, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள்.

"நீ கேட்டது கேலரி. குடோனுக்கு எப்ப உத்தரவு கேட்ட? கேக்காதத கேட்டேன்னு சொல்றவனுக்குத்தான்யா குத்தம்."

விசாரணையில் அதிகாரி வீடியோவைப் போட்டார். எனக்கு மறுபடியும் தூக்கிவாரிப்போட்டது. பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டு நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். என் வாய் அசைகிறது, குரல் இல்லை. ஊர் சிரிக்கிறது, கல் வைக்கிறது, கும்பிடுகிறது. யார் பார்த்தாலும் சம்மதம் என்றுதான் சொல்வார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சார், வாய் அசையுது பாருங்க. அன்னிக்குச் சொன்னத அப்படியே சொல்றேன்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன். கை கூப்பி, "தாயே" என்று தொடங்கி, கேலரி என்ற சொல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக, "ஆமா சார், இதான் சொன்னாரு" என்றார்கள். டீக்கடையில் என்னைக் கேலி செய்தவனும் சொன்னான். ஓனர் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இடத்தை அளந்து முடிக்கும்வரை வேலை நடக்கக் கூடாது என்றார்.

வெளியே வந்ததும் ஓனர் கார் கதவைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "அளக்கட்டும். கிளப்பு என் பேர்ல கீது. இந்த வருசம் டீம் கெடையாது, போங்க."

மைதானத்துக்காக வந்த இடத்தில் டீம் போய்விட்டது. அப்படியும் செய்வார் என்று அப்போதும் நாங்கள் நினைக்கவில்லை. நாங்கள் அப்படித்தான்.

அளக்க இன்னும் ஆள் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புதுக் கிளப் பதிவுக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து என் வீட்டில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வரியையும் கோல்கீப்பர் சத்தமாகப் படித்தான். பொடி எழுத்தைக்கூட விடாமல், என் மனைவி இரண்டு முறை படிக்கவைத்தாள். அதன் பிறகுதான் பேனாவைத் தொட்டோம். பாதியில் அவன் நிறுத்தினான்.

"சாமி, வெளையாடற எடம்னு ஒரு கட்டம் கீது. இன்னா எழுதறது?"

அதைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த வரியைப் படிக்கச் சொன்னேன்.