நாத்தனாரும் நானும் ஒரு சின்னப் படகும்

நான் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரத்தில் பிறந்தவள். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதில் அண்ணன்கள் போனார்கள், சித்தப்பா போனார், பக்கத்து வீட்டுக்காரர்கூடப் போனார். நான் போனதில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் கிடையாது. வலையில் சிக்கெடுப்பது, கிழிசலைப் பார்த்து முடிவது, மீனை வகைபிரித்துக் கூடையில் அடுக்குவது என்று கரையில் செய்கிற அத்தனை வேலையும் எனக்குத் தெரியும். வள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாது. அது மணலில் ஏறி நிற்கும்போது விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்ததோடு சரி.

கோஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு மலைக்கு வந்தேன். பூம்பாறையைத் தாண்டி, போளூர் போகிற வழியில், சாலையை விட்டுச் சற்றுக் கீழே இறங்கினால் எங்கள் ஊர். பூண்டு, உருளைக்கிழங்கு, பீன்ஸ். வந்த புதிதில் குளிரில் கை விறைத்துப்போய்ப் பூண்டு உரிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பேன். அப்போதெல்லாம் என் கையிலிருந்து முறத்தை வாங்கிக்கொண்டுபோய் உரித்துக் கொடுத்தவர் என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். கணவரை இளவயதிலேயே இழந்து, பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். உரக்கப் பேசுவார். மலைச்சரிவில் கீழ்வயலில் நின்று கூப்பிட்டால் மேல்வயலில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவி.

ஊருக்குக் கீழே ஓர் ஏரி இருக்கிறது. அதில் கெண்டைக் குஞ்சு விட்டு வளர்ப்பதும் பிடிப்பதும் எங்கள் குழுவுக்கு என்று ஊரில் பேசி முடிவானது. குஞ்சு விட்டாயிற்று. வளர்ந்தும் விட்டது. கரையில் நின்று தூண்டில் போட்டால் விரல் நீளத்துக்குத்தான் கிடைத்தது. பெரியதெல்லாம் நடு ஏரியில் வாலடித்துக்கொண்டிருந்தது. படகு வாங்கினால்தான் ஆகும் என்று குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, யார் ஓட்டுவது என்று ஒரு பெண் கேட்டாள். நாத்தனார் யோசிக்கவே இல்லை.

“எங்க வீட்லயே கடக்கரைக்காரி இருக்கா. அவ பாத்துக்கிருவா.”

அன்று வீட்டுக்கு வருகிற வழியிலேயே சொல்லிவிட்டேன். “மதினி, நான் வள்ளத்துல கால் வச்சதுகூட இல்லீங்க.”

“ஆமா, நானுந்தான் பூண்டையே பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்துபோனார்.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் ஒருவர்தான் நம்பினார். நம்பியும், படகைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவர்தான். வைகை அணைப் பக்கம் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் பெரிய படகுக்கு மாறுவதாகக் கேள்விப்பட்டு, அவருடைய பழைய பைபர் படகைப் பேசி முடித்துவிட்டார். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்றாவது ஆள் ஏறினால் மீனுக்கு இடம் இருக்காது. காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் அதைக் கவிழ்த்துப்போட்டுக் கட்டிக்கொண்டு மலையேறினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி அவர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வந்த பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனதாம். செக்போஸ்டில் இருந்தவர் படகைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்துவிட்டு, “மேல வெள்ளம் எதும் வரப்போகுதாண்ணே?” என்று கேட்டாராம். ஊர் வந்து சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. குழுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து தூக்கி எங்கள் வாசலில் இறக்கினோம். அங்கே அது ஒரு வாரம் கிடந்தது. கோழி அதன் நிழலில் முட்டையிட ஆரம்பித்துவிட்டது.

நான் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கடலுக்குப் போவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. படகு வாங்கியிருக்கிறோம், நான்தான் ஓட்டப்போகிறேன் என்று சொன்னேன். ஏரி எவ்வளவு ஆழம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், கூட யார் வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நாத்தனார் என்றேன். அவருக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“எம்மா, எந்திரிச்சு மட்டும் நிக்காதீங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கமாச் சாயாதீங்க. அம்புட்டுத்தான்” என்றார். அடுத்த வாரமே அண்ணனிடம் சொல்லி இரண்டு லைஃப் ஜாக்கெட் வாங்கி பஸ்ஸில் போட்டுவிட்டார். நாத்தனார் ஸ்வெட்டருக்கு மேல் அதைப் போட்டு, எல்லாக் கொக்கியையும் மாட்டிக்கொண்டு, பூண்டு வயலுக்கே ஒருநாள் போய்வந்தார். நல்ல கதகதப்பாக இருக்கிறதாம்.

முதல்நாள் ஏரிக்கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, படகைத் தண்ணீரில் தள்ளினோம். நாத்தனார் பின்பக்கம் ஏறி, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நடுப்பலகையில் அவரைப் பார்த்து உட்கார்ந்து துடுப்பு இரண்டையும் இழுத்தேன். படகு கரையை விட்டு நகர்ந்தது. தரை என்கிற ஒன்று இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை, கண்ணிலும் தண்ணீர் வந்தது. நல்லவேளை, கரைக்காரர்களுக்கு அது தெரியவில்லை.

அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் படகு வட்டமடித்ததுதான். எனக்கு வலதுகை பலம் அதிகம். எவ்வளவு பார்த்துப் பார்த்து இழுத்தாலும் படகு ஒரு பக்கமாகவே திரும்பி, ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. துடுப்புப் போடுகிறவள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வழி சொல்ல வேண்டிய நாத்தனாரோ கண்ணை இறுக மூடியிருந்தார். கரையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் காற்றே எங்களைக் கரையில் கொண்டுபோய் விட்டது. இறங்கியதும் நாத்தனார் எல்லாரையும் பார்த்து, ஏரியை நாலு பக்கமும் இவள் சுற்றிக் காட்டினாள், கடலில் இப்படித்தான் செய்வார்களாம் என்று அறிவித்தார். என் காதருகே வந்து மட்டும், “நெசமாவே தெரியாதாத்தா ஒனக்கு?” என்று கேட்டார்.

பிறகு வயல்வேலை முடிந்த சாயங்காலங்களில் யாருக்கும் தெரியாமல் போய்ப் பழகினோம். அவர் கண்ணைத் திறந்துகொள்ளப் பழகினார். நான் இடதுகைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுக்கப் பழகினேன். வட்டம் வளைவாயிற்று, வளைவு ஓரளவு நேராயிற்று. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே கீழே விழ ஆரம்பித்தபோது, இனி வலை போடலாம் என்ற தைரியம் வந்தது. வலை விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மடிப்புக் கலையாமல் அதை நான் இறக்கிய விதத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாத்தனார் முகம் தெளிந்தது.

சாயங்காலம் போட்ட வலையை எடுக்க மறுநாள் வெள்ளனே போனோம். வானம் தெளிவாக இருந்தது. வீட்டுக்காரர் லாரியை மேலே சாலையில் நிறுத்திவிட்டு, தூக்குவாளியில் டீயோடு கரையில் நின்றார். பாதி வலையை இழுத்திருப்போம். ஒவ்வொரு முழத்துக்கும் கெண்டை. நாத்தனார் மீனைக் கழற்றிக் கழற்றிக் காலடியில் போட்டுக்கொண்டே, யார் யார் வீட்டுக்கு எந்த மீன் என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தபோது கரையைக் காணோம்.

பனிமூட்டம் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை. என் எதிரில் நாத்தனாரின் முகம் தெரிந்தது, அதற்குப் பின்னால் வெள்ளைதான். சின்ன ஏரிதானே என்று முதலில் சிரித்தோம். இழுத்த வலையை உள்ளே போட்டுக்கொண்டு, மீதியை அவிழ்த்து விட்டுவிட்டு, கரை என்று நினைத்த பக்கம் துடுப்புப் போட்டேன். வரவில்லை. இன்னும் போட்டேன். ஏதோ தட்டுப்பட்டது, பார்த்தால் நாங்கள் அவிழ்த்துவிட்ட அதே வலையின் மிதப்பு. மறுபடியும் வட்டமடித்திருக்கிறேன்.

மேலே வீட்டுக்காரர் லாரி ஹாரனை அடிக்க ஆரம்பித்தார். அது மலையில் மோதி எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. நான்கு லாரி எங்களைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது. மறுகால் பக்கம் போய்விட்டால் தண்ணீர் இழுத்துக் கல்லில் சாய்த்துவிடும் என்ற நினைப்பு வந்ததும், துடுப்பை நிறுத்திவிட்டு நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன். அப்பா வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பார், நான்தான் கேட்கவில்லை என்று என்னென்னவோ. வழக்கமாகப் பேசுகிறவர் நாத்தனார், அன்றைக்கு நான்.

நாத்தனார் குனிந்து என் முழங்காலில் கையை வைத்தார். மீன் செதில் ஒட்டிய கை.

“ஏத்தா, செத்தப் பேசாம இரு. மறுகா விழுகிற சத்தம் கேக்குதா?”

ஹாரன் ஓய்ந்த இடைவெளியில் கேட்டது. லேசாக, ஓர் ஓரத்தில்.

“அங்கனதான் நான் சின்னதுலருந்து துணி தொவைக்கேன். அது ஊருக்கு எதிர்க்கரை. அந்தச் சத்தம் ஒன் மூஞ்சிக்கு நேராவே கெடக்கட்டும். அத விட்றாம இழு.”

நான் படகைத் திருப்பி, சத்தத்தை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டேன். அப்படியானால் என் முதுகுப் பக்கம் ஊர்க்கரை. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகக் கேட்டது. சத்தம் இடப்பக்கம் நழுவினால் ஒரு கை, வலப்பக்கம் நழுவினால் மறு கை. அது கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே போனது. மெலிய மெலிய எனக்கு மூச்சு வந்தது. என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு படகை நேராக ஓட்டினேன். நாத்தனார் என் முழங்காலிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தக் கை என் சேலையைக் கொத்தாகப் பற்றியிருந்தது என்பதைக் கரை நெருங்கும்போதுதான் கவனித்தேன்.

படகு சேற்றில் முட்டி நின்றது. யாரோ ஒருவருடைய பீன்ஸ் வயலின் அடி. நாத்தனார் அங்கிருந்து தம்பியைக் கூப்பிட்டார். அந்தக் குரலுக்கு எந்த ஹாரனும் ஈடாகாது. வீட்டுக்காரர் கரையோரமாகவே ஓடிவந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். நீச்சல் தெரியாத மனிதர், ஹாரனை விட்டுவிட்டு வந்து எங்களைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கி நின்றிருக்கிறார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், படகில் கிடந்த மீனைப் பார்த்தார். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டீ ஆறிப்போச்சு” என்றார். அந்த ஆறிய டீயை மூன்று பேரும் அந்த வயல் வரப்பில் உட்கார்ந்து குடித்தோம்.

அன்று குழுவில் எல்லார் வீட்டிலும் கெண்டைக் குழம்பு. நாத்தனார் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். போன இடமெல்லாம் கதையையும் சொன்னார். கடைசி வீட்டுக்கு வருவதற்குள் ஏரி மிகவும் பெரிதாகிவிட்டிருந்தது. படகை நூல் பிடித்த மாதிரி ஓட்டிவந்தவள் நான்தான் என்று சொன்னார். சத்தத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று நான் இடையில் புகுந்து சொன்னபோது, “சும்மா இருத்தா” என்று அடக்கிவிட்டார்.

அப்பாவிடம் மூட்டத்தைப் பற்றி உடனே சொல்லவில்லை. பொங்கலுக்குப் போனபோது கருவாடு காயப்போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மூட்டத்தில் அவர் ஒரு ராத்திரி முழுக்க நங்கூரம் போட்டுக் கிடந்ததைப் பற்றிச் சொன்னார். அண்ணன்களிடம் பேசுகிற குரலில், ஒரு வள்ளக்காரர் இன்னொருவரிடம் சொல்வது போலச் சொன்னார். அதுவரை என்னிடம் அவர் கடலைப் பற்றி அப்படிப் பேசியதே இல்லை.

இப்போது குழுவில் இன்னும் சில பெண்கள் துடுப்புப் போடுகிறார்கள். எதிர்க்கரை யூகலிப்டஸ் மரம் தெரிந்தால்தான் படகை அவிழ்க்கலாம் என்பது நாத்தனார் போட்ட சட்டம். அதை மீறினால் அன்றைக்குப் பங்கு கிடையாது. இந்த வாரம் படகுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். எங்கள் கடற்கரையில் அடிக்கிற நீலம் வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கொடைக்கானல் போய் மஞ்சள் வாங்கிவந்துவிட்டார். தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம். கோபத்தில் ஒருநாள் பேசாமல் இருந்தேன். பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தேன். நல்ல மஞ்சள்தான்.