தைக்காத எட்டாம் எண்

சாயத் தண்ணீர் ஊறிய மண்ணுக்கு ஒரு வாசனை உண்டு. துருப்பிடித்த இரும்பையும் நாள்பட ஊறிய துணியையும் சேர்த்து முகர்ந்ததுபோல் இருக்கும். என் மகன் ஜெரால்டு சின்ன வயதில் பந்து விளையாடிவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது அந்த வாசனை அவனுக்கு முன்னால் வந்துவிடும். திருப்பூரில் நாங்கள் குடியிருந்த "லைன் வீடு"களுக்குப் பின்னால், சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடிக் காய்ந்த பொட்டல் ஒன்று இருந்தது. தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கூடுவார்கள். அவன் பாதத்தைப் பார்த்தே பட்டறையில் அன்றைக்குச் சிவப்பு ஓடியதா நீலம் ஓடியதா என்று நான் சொல்லிவிடுவேன்.

எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. அங்கே கோயிலுக்கு அடுத்தபடி கால்பந்து. புத்தாண்டு கழிந்து வருகிற ஊர்த் திருவிழாவில் பக்கத்து ஊர்க்காரர்களோடு ஓர் ஆட்டம் நடக்கும். அதில் ஜெயித்தால் வருடம் முழுக்க வலையில் மீன் பட்டதுபோல் சந்தோஷம், தோற்றால் ஒரு வாரத்துக்கு ஆண்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அந்த ஆட்டத்தில்தான் என் வீட்டுக்காரர் சிலுவைமுத்துவின் முழங்கால் முறிந்தது. முறிந்த காலோடு அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள்; நானும் கைக்குழந்தையோடு நின்று பார்த்துப் பெருமைப்பட்டேன். காயம் ஆறியது, ஆனால் கால் மடங்கவில்லை. அலையில் ஆடுகிற மீன்பிடி வள்ளத்தில் மடங்காத காலோடு நிற்க முடியுமா? ஒவ்வொரு வள்ளக்காரனும் ஒவ்வொரு சாக்குச் சொன்னான். அப்படித்தான் நாங்கள் திருப்பூர் வந்து சேர்ந்தோம். தையல் மிஷினில் உட்கார்ந்து மிதிக்க ஒரு கால் போதும். அவர் "ஓவர்லாக்" பழகிக்கொண்டார், நான் அவருக்குப் பக்கத்தில் "கைமடி"யாக நின்றேன். கைமடி என்றால் டைலரின் கைக்கு வாகாகத் துணியைப் பிரித்து, மடித்து, அவர் கேட்பதற்கு முன்னால் நீட்டிக்கொண்டே இருக்கிற வேலை.

ஜெரால்டு பந்தை வலைக்குள் அடிக்கிற பையனல்ல. நடுவில் நிற்பான். பின்னால் இருந்து வருவதை வாங்கி, தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்து, முன்னால் ஓடுகிறவன் காலுக்குச் சரியாக அனுப்பிவிடுவான். எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த கருப்பாத்தாள் கொங்குநாட்டு மனுஷி, நல்ல மனசும் நீளமான நாக்கும் உள்ளவர். வாசலில் உட்கார்ந்து பொட்டலைப் பார்த்துக்கொண்டே என்னைச் சீண்டுவார்.

"ஏனுங் ரோசம்மா, உங்க பையன் ஒரு கோலாவது போடுவானுங்ளா, இல்ல ஊருக்கே தானம் பண்ணிட்டுத்தான் இருப்பானா?"

"கைமடி நின்னுட்டா டைலரு என்னத்தங்க தைப்பாரு?" என்பேன் நான்.

"அது செரி. ஆனா பனியனைப் பாத்து டைலரைத்தானுங்க சொல்லுவாங்க, கைமடியை ஆருங்க கேக்கறா!"

கேட்க ஆள் வந்தது. பள்ளிக்கூடத்து அணியோடு கோயம்புத்தூருக்கு ஆடப்போன இடத்தில், கோவாவில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருக்கிற கிளப்பைச் சேர்ந்த ஒருவர் அவனைப் பார்த்திருக்கிறார். அடுத்த மாதமே வீட்டுக்கு வந்து எங்கள் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கருப்பாத்தாள் கொடுத்த மோரைக் குடித்து, பையனைக் கேட்டார். பதினாறு வயதில் அவன் ரயில் ஏறினான். சின்னப் பையன்களின் அணியில் ஒரு வருடம் ஆடினான். போகும்போதே ஒரு கண்டிப்பு சொல்லியிருந்தார்கள்: கிளப்பில் சேர்ந்த பையன் வெளியே எந்த மைதானத்திலும் காலை வைக்கக்கூடாது, வைத்தால் அன்றோடு சரி.

மறு கிறிஸ்துமஸுக்கு விடுமுறையில் வந்தவன், சாப்பிட உட்கார்ந்தவுடன் சொன்னான். கிளப்பின் பெரிய அணியில் நடுவில் ஆடுகிற இரண்டு பேருக்கு அடிபட்டிருக்கிறதாம். விடுமுறை முடிந்து போனதும் இவன் பெரியவர்களோடு பயிற்சிக்கு நிற்க வேண்டுமாம். பிடித்துப்போனால் ஆட்டத்தில் இறக்குவார்களாம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. நானும் அன்றைக்கு என் தட்டை மூடி வைத்துவிட்டேன், வேறு காரணத்தால். அந்த வருடம்தான் ஊர் வழக்கப்படி அவன் ஊரின் பெரிய அணியில் இறங்குகிற வயதை எட்டியிருந்தான்.

அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு பையன் பெரிய அணியில் இறங்குகிற முதல் ஆட்டத்துக்கு, கோயில் வாசலில் வைத்து ஊர்ச்சட்டையை அவனுக்குப் போட்டுவிட வேண்டியது தாய்மாமன். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் சீர் வருகிற மாதிரி இதுவும் ஒரு சீர். வேண்டாம் என்று சொன்னவர்கள் அதுவரை யாரும் இல்லை. என் அண்ணன் மிக்கேல்தான் அந்த அணிக்குப் பொறுப்பு. அவருக்கு ஆண்பிள்ளை கிடையாது, இவன் ஒருவன்தான். இவன் தவழ்கிற நாளிலிருந்து அந்த ஒரு சட்டைக்காக அவர் காத்திருந்தார்.

அந்தச் சட்டைகளைத் தைத்து அனுப்புவதும் நாங்கள்தான். திருப்பூருக்கு வந்தவர்கள் திருவிழாவுக்கு என்ன செய்வோம்? கம்பெனியில் மிஞ்சுகிற "செகண்ட்ஸ்" துணியைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டு மிஷினைப் போட்டு, என் வீட்டுக்காரர் சட்டையின் உடம்பையும் கையையும் கூட்டித் தைப்பார். நான் எண்களை வெட்டிக் கொடுத்து, தைத்து வந்தவுடன் பிசிர் நறுக்கி, அடுக்கி வைப்பேன். எட்டாம் எண் நடுவில் ஆடுகிறவனுக்கு. என் வீட்டுக்காரர் கால் முறிந்த அன்றைக்குப் போட்டிருந்ததும் அதுதான்.

அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எட்டுக்கென்று வெட்டி வைத்திருந்த துணியை மேஜையிலிருந்து எடுத்தேன். "செக்கிங்"கில் ஓட்டை விழுந்த பீஸைக் கழித்துப் போடுவதுபோல் அதைக் கழிவு மூட்டைக்குள் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவர் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தார்.

புத்தாண்டுக்கு மறுநாள் அண்ணன் வந்தார். ஷிப்மென்ட் நெருக்கடியால் நாங்கள் அந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. அதனால் சட்டைகளையும் பையனையும் கையோடு அழைத்துப் போக அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். கருவாடும் பனங்கற்கண்டும் கொண்டுவந்து கொடுத்தார். ஜெரால்டின் தோளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருமவனே, கோவாக்காரன் சோறு நல்லாத்தான் போட்டிருக்கான்!" என்று சிரித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். ஏழாம் எண்ணைத் தொட்டார். அடுத்து ஒன்பது வந்தது. திரும்ப மேலிருந்து பார்த்தார்.

"ஏட்டி ரோசு, எட்ட எங்க?"

"தைக்கல, அண்ணே."

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "வெட்டுனமே! எங்கயாவது கெடக்கும் மச்சான், தேடித் தாரேன்."

"தேடாதீய," என்றேன். "நான்தான் கழிச்சுப் போட்டேன்."

அண்ணனுக்கு இன்னும் விளங்கவில்லை. "சரி விடு, பையன் வேற நம்பரு போட்டுக்கிடுவான். நம்பருலயா இருக்கு?"

"நம்பரு இல்லண்ணே. பையன் வரல."

அப்புறம் அவர் பேசியதையெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன்; என் கூடப்பிறந்தவர். ஆனால் சிலவற்றைச் சொல்லாமல் இந்தக் கதை நிற்காது.

"ஊரு என்னட்டி சொல்லும்? மிக்கேலோட தங்கச்சி மவன ஒளிச்சு வச்சுக்கிட்டாள்னு சொல்லாதா?"

"சொல்லட்டும்."

"அந்தக் கோவாக்காரன் ஒனக்கு மாமனா மச்சானா? நாளைக்கு ஒன் வீட்டுல ஒரு நல்லது பொல்லாதுன்னா அவனா வந்து நிப்பான்?"

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஊரு கூப்பிடும்போது மாட்டேன்னு எப்பிடிச் சொல்ல, ரோசு? ஒரு ஆட்டந்தான?"

அவர் அதைச் சொல்லும்போது மடங்காத காலைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. அண்ணன் முகத்துக்கு நேராக என் வாழ்நாளில் நான் பேசியது அந்த ஒரு முறைதான்.

"இவிய காலு ஒடிஞ்ச அன்னைக்குத் தோள்ல தூக்குனிய. நல்லாத் தூக்குனிய, ஊரே பாத்துச்சு. காலு ஆறுனப்பொறவு வள்ளத்துல ஏத்துனியளா, அண்ணே?"

வாசலில் நின்ற கருப்பாத்தாள் நிலைமையைப் புரிந்துகொண்டு, காப்பியை ஆற்றிக்கொண்டே உள்ளே வந்தார். "ஏனுங் தம்பி, தங்கச்சி ஊட்டுக்கு ஒறம்பரையா வந்து வெறும் வாயோட போறதாவது! ஒரு முழுங்கு குடிச்சுப்போட்டு அப்புறம் சண்டை போடுங்க, நானும் கூட நிக்கறேன்."

அண்ணன் டம்ளரை வாங்கவில்லை. சட்டைகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டார். அவை ஊருடைய சட்டைகள். கோபத்தில் விட்டுவிட்டுப் போகிறவர் அல்ல அவர். வாசலைத் தாண்டும்போது ஜெரால்டின் தலையில் கையை வைத்து அப்படியே சிறிது நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் தொடாமல் போனால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஓர் அர்த்தம்தான்: இனி உறவு இல்லை.

அந்தத் திருவிழாவில் எங்கள் ஊர் தோற்றுப்போனது. எட்டு இல்லாத அணி என்று சொல்லிக் காட்டினார்களாம்.

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம் கருப்பாத்தாள் வீட்டுப் போன் அடித்தது. நான் ஈரக்கையோடு ஓடினேன்.

"எறக்குனாங்கம்மா," என்றான். "கடைசியில கொஞ்ச நேரம்."

"விழுந்தியா?"

"இல்லம்மா. நான் குடுத்த பந்துலதான் கோலு."

"காலு?"

"நல்லாருக்கும்மா, ரெண்டும்."

அதற்கடுத்த ஆட்டத்தில் பாதி, அதற்கடுத்ததில் முழுசு என்று அவன் பெரிய அணியில் நிலைத்துவிட்டான். வயதில் மூத்த, மார்பு அகன்ற ஆட்களுக்கு நடுவே, மீசை கறுக்காத என் பிள்ளை. கருப்பாத்தாளின் மகன் டவுனிலிருந்து ஒரு இங்கிலீஷ் பேப்பர் வாங்கி வந்தான். அதில் கோல் போட்டவன் கையைத் தூக்கி நிற்க, ஓரத்தில் ஜெரால்டின் தோளும் ஒரு காதும் தெரிந்தன. "கைமடிக்குக் காது மட்டுந்தானுங்க போட்டிருக்கறாங்க!" என்று அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கம்பெனியில் என் வரிசைப் பெண்கள் அத்தனை பேரிடமும் அந்தக் காதைக் காட்டினேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கிலீஷில் என் மகன் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட மட்டும் படித்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்னதும் நடந்தது. அவன் ஆடிக்கொண்டிருந்த நான்காம் வருடம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஊருக்குச் சொல்லி அனுப்பினோம். பிறந்த வீட்டிலிருந்து எனக்கு வரவேண்டிய கோடிச்சேலை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு கருப்பாத்தாள் ஒரு சேலையைக் கொண்டுவந்து என் தோளில் போட்டார். "நாங்க வேற சாமி கும்பிடறவீங்கதான். இருந்தாலும் வெறுந்தோளோட உங்களைப் பாக்க முடியலீங்க," என்றார். கோவாவிலிருந்து கிளப்காரர் ஒருவர் மாலையோடு வந்திருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தக் கிளப்பையே மூடிவிட்டார்களாம். விளையாட்டை வைத்துக் கிடைத்த அரசாங்க வேலையில் ஜெரால்டு சென்னையில் இருக்கிறான். அவனுக்கே முடி நரைக்கத் தொடங்கிவிட்டது. பொட்டலில் குடோன் கட்டிவிட்டார்கள், பட்டறைகள் பலவும் மூடிக்கிடக்கின்றன. கருப்பாத்தாள் போய்ச் சேர்ந்தார்; லைன் வீடுகளை இடித்த இடத்தில் வடநாட்டுப் பையன்கள் தங்குகிற மாடிக்கட்டடம் நிற்கிறது. ஊர்த் திருவிழா உண்டு, பந்தாட்டம் கிடையாது. இரண்டு ஊரிலும் பதினொரு பையன்களைச் சேர்க்க முடியவில்லை; கப்பலிலும் வளைகுடாவிலும் திருப்பூரிலுமாகச் சிதறிவிட்டார்கள். அண்ணன் இருக்கிறார். ஜெரால்டு வருடம் தவறாமல் அவரைப் போய்ப் பார்த்து வருகிறான். அவர் என்னை விசாரிப்பதில்லை, நானும் விசாரிப்பதில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்னிடம் வந்திருந்தவன், மாமாவைப் பார்க்க ஊருக்குப் புறப்படுகிற நாளில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்:

"யம்மா, அன்னைக்கு நீங்க மூணு பேரும் அவ்வளவு பேசுனிய. என்ட்ட ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

அவன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"மாமாகூடப் போயிருப்பேன்."

"தெரியும்," என்றேன். "அதனாலதான் கேக்கல."

அவன் எழுந்து தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பையை எடுத்துக்கொண்டு, "போய்ட்டு வாரேம்மா, மாமாட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று வாசலில் நின்றான். நான் பையின் வாரை அவன் தோளில் சரியாக மாட்டிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவன் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்தான். இரண்டு காலையும் நன்றாக ஊன்றி, நேராக நடந்து போனான்.