மூத்தவர் சக்கரம் முன்னால்

திருச்சுழி பஸ் பாளையம்பட்டியில் என் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டும்போது டிரைவர் ஹார்ன் அடிப்பார். அன்று அடிக்காமல் வண்டியை ஓரங்கட்டினார். ஜன்னலில் தலையை நீட்டி, "தம்பி, தனுஷ்கோடி அண்ணாச்சி போயிட்டாகப்பா. விடியக்காலம் நெஞ்ச வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்திருக்காக. அம்புட்டுதான்" என்றார். பஸ் நிறைய ஆட்கள் இருந்ததால் உடனே கிளம்பிவிட்டார். ஒரு ஜீப்புக்கு அடியில் பாதி உடம்பை வைத்துப் படுத்திருந்த எனக்கு முதலில் தோன்றியது, நல்லவேளை, வண்டியில் போகும்போது சாகவில்லை என்பதுதான்.

இப்படி எழுதுவதைச் சிலர் தப்பாக நினைக்கலாம். அருப்புக்கோட்டை பஜாரில் அவருடைய வத்தல் மண்டிக்கு வந்துபோன உங்களில் பாதிப் பேருக்கு அவருடைய சிரிப்பு தெரியும், தராசு தெரியும். அவர் தினமும் காலையில் ஓட்டிவந்த வேனை எனக்குத் தெரியும். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து இந்த ஒர்க்‌ஷாப்பைத் திறந்த வருடம் அந்த வேன் முதல்முதலாக என்னிடம் வந்தது.

"ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது தம்பி. என்னன்னு பாரு" என்று இறங்கினார். குனிந்து பார்த்தேன். முன் வலது பக்கம் மதுரையில் வாங்கிய புத்தம் புது ரேடியல் டயர். முன் இடது பக்கம் நைலான். பின்னால் ஒன்று, தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெடிங் செய்த நைலான். இன்னொன்றில் பட்டன் எல்லாம் தேய்ந்து வழுக்கை விழுந்திருந்தது.

"இது என்ன அண்ணாச்சி, வண்டியா, டயர் கடையா?"

"டயர் கடையில இத்தன தினுசு வச்சிருக்க மாட்டானப்பா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரேடியல் டயருக்குள் நூல் அடுக்குகள் நேராக ஓடும். அதனால் பக்கச்சுவர் வளைந்து கொடுக்கும். நைலானில் அவை ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும். அது விறைப்பாக நிற்கும். இரண்டையும் ஒரே அச்சில் மாட்டினால், திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒன்று ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் தரையைப் பிடிக்கும். காய்ந்த ரோட்டில் ஸ்டியரிங் இழுப்பதோடு போகும். மழை பெய்தால் வண்டி தன் இஷ்டத்துக்குச் சுற்றும். நான்கும் ஒரே இனமாக இருக்க வேண்டும். முடியாவிட்டால், முன்னச்சில் ஒரு ஜோடி, பின்னச்சில் ஒரு ஜோடி என்றாவது இருக்க வேண்டும். இதை அவரிடம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் போல ஒப்பித்தேன். கேட்டுவிட்டு, "காளையையும் எருமையையும் ஒரே நுகத்தடியில பூட்டுன கத" என்றார்.

"புரியுதுல்ல? பெறகு ஏன் மாத்தல?"

"புரியிறது எனக்குத்தான தம்பி? மாத்துறதுக்கு நாலு பேருக்குப் புரியணும்."

அவர்கள் அண்ணன் தம்பிகள் நான்கு பேர், இவர் இரண்டாமவர். திருச்சுழி ரோட்டில் அவர்கள் ஊரில் ஒரே வளவுக்குள் நான்கு வீடு. அப்பா இறந்தபின் வீட்டுக்குக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தார்கள். நிலத்தைக் கயிறு பிடித்துப் பிரித்தார்கள். வேனுக்கு நடுவில் சுவர் வைக்க முடியவில்லை. அதனால் ஆளுக்கொரு சக்கரம் என்று பேசி முடித்தார்கள். அந்தந்தச் சக்கரத்துக்கு டயர் வாங்குவது அந்தந்தப் பங்காளியின் பொறுப்பு. மூத்தவர்கள் இருவரின் சக்கரம் முன்னால், இளையவர்கள் இருவரின் சக்கரம் பின்னால். அவரவர் வசதிக்கும் வீம்புக்கும் ஏற்ற டயரை அவரவர் மாட்டினார்கள். அந்த வேனில்தான் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் தினமும் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். மண்டிக்கு வரும் வழி என்பதால் ஓட்டுவது அண்ணாச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவர்கள் வளவுக்குப் போனேன். நால்வரில் மூத்தவரான பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். உள்ளதைச் சொன்னேன். யாரும் புது டயர் வாங்க வேண்டாம். பெரியவருடைய ரேடியலைப் பின்னால் மாட்டி, பின்னால் இருக்கும் ரீட்ரெடிங் டயரை முன்னால் கொண்டுவந்தால், முன்னச்சிலாவது நைலானும் நைலானும் ஜோடி சேரும். பின்னச்சு அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அரை மணி நேர வேலை.

"அப்ப என் சக்கரம் பின்னால போகணுங்கிற?" என்றார் பெரியவர்.

"டயருதான அண்ணாச்சி. ரப்பருக்குத் தெரியுமா யாரு மூத்தவுக, யாரு இளையவுகன்னு?"

"ரப்பருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும். டிப்ளமா, நீ சக்கரத்தப் பாரு. குடும்பத்தப் பாக்காத."

"அப்ப ரெண்டாவது அண்ணாச்சியே நாலையும் ஒண்ணு போல வாங்கிப் போடட்டும்."

பின்னால் நின்ற கடைசித் தம்பி சிரித்தார். "போடுவாக, போடுவாக. நாளைக்கு வண்டியே என்னுதுன்னு நிப்பாக."

"சரி, வண்டிய நிறுத்திப் போடுங்க. புள்ளைக பஸ்ஸுல போகட்டும்."

"நம்ம வீட்டுப் புள்ள டவுன் பஸ்ஸுல தொங்கிட்டுப் போச்சுன்னா அண்ணன் தம்பிக்குள்ள சண்டன்னு ஊரு பேசாதா?"

எதைச் சொன்னாலும் ஒரு கதவு சாத்திக்கொண்டது. அண்ணாச்சி வாயே திறக்கவில்லை. என்னை வழியனுப்ப ரோடு வரை நடந்து வந்தவரிடம், "நீங்க எதுக்குப் பேசாம நின்னீக?" என்று கோபமாகவே கேட்டேன். "நான் பேசுனா அது எம் பங்குக்குப் பேசுனதா ஆயிரும்பா. பிரிக்கிறப்ப சுவரு வச்சோம் பாரு, அதுல கதவு வைக்க மறந்துட்டோம்" என்றார்.

இந்த மாதிரிப் பேச்சு எனக்கு ஒத்துவராது. அழகாகச் சொல்லிவிட்டு மறுநாள் காலை அதே வண்டியில் அதே பிள்ளைகளை ஏற்றுகிற மனுஷன் மேல் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இறந்தவர் என்பதற்காக இப்போது அதை மறைக்க மாட்டேன்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த காலை அது நடந்தது. மாதக்கணக்கில் புழுதியும் எண்ணெயும் படிந்த தார் ரோடு. அதன்மேல் முதல் தண்ணீர். கண்மாய்க் கரை வளைவில் ஆடு குறுக்கே வர, அண்ணாச்சி பிரேக்கை மிதித்திருக்கிறார். வேன் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, கரையை விட்டு இறங்கி, கரிசல் சேற்றில் சாய்ந்து நின்றது. தகவல் கேட்டு நான் போனபோது பிள்ளைகள் உள்ளேதான் இருந்தார்கள். பிள்ளைகள் ஏறும் பக்கக் கதவு சேற்றில் புதைந்திருந்தது. மறுபக்கம் அவர்களுக்குக் கதவே கிடையாது. பைகளுக்கு நடுவில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, கண்ணாடியில் கையை வைத்து எங்களைப் பார்த்தார்கள். அழுகைச் சத்தம் வெளியே சரியாகக் கேட்கவில்லை. பின் கண்ணாடியை ரப்பரோடு பிடுங்கி ஒவ்வொருவராக வாங்கினோம். நெற்றி வீக்கமும் சிராய்ப்பும்தான். அண்ணாச்சியை மட்டும் வெளியே எடுக்க முடியவில்லை. விரல்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"நாலு வீட்டுப் புள்ளையும் உள்ள இருந்துச்சுப்பா" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். பிள்ளைகளைத் தொட்டுத் தடவிப் பார்த்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு செய்ததை என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆளுக்கொரு பக்கம் சேற்றில் இறங்கி அவரவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்கள். "எம் டயரு நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர். "என்னுதுலயும் காத்து இறங்கல" என்றார் மூன்றாமவர். கடைசித் தம்பி தன் வழுக்கை டயரைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "இது பின்னாலதான கெடக்கு, இது என்ன பண்ணும்?" என்றார். குற்றவாளி யாருமில்லை. டிராக்டர் வைத்து வேனை இழுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அது மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனது, அதே டயர்களோடு. அண்ணாச்சி சைக்கிள் வேகத்தில் ஓட்டினார். பின்னால் லாரிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தார்கள்.

தை மாதம் அவர்களுடைய ஒரே தங்கை மகளுக்குச் சடங்கு. தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது பாளையம்பட்டியில், என் ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி. நானும் போயிருந்தேன். தாய்மாமன்கள் நான்கு பேரும் வேனில்தான் சீர் கொண்டுவந்து இறக்கினார்கள். மைக் செட்டில் ஒருவர் யார் யார் என்ன சீர் என்று வாசித்துக்கொண்டிருந்தார். பித்தளை அண்டா, பட்டுச் சேலை, வெள்ளிக் கொலுசு என்று வாசித்து முடித்த நேரம், அண்ணாச்சி எழுந்துபோய் மைக்கை வாங்கினார்.

"இன்னும் ஒண்ணு விட்டுப்போச்சு. தாய்மாமன்மார் நாலு பேரும் சேந்து, எங்க மூத்த அண்ணாச்சி தலைமையில, மருமகளுக்கு வெளிய நிக்கிற வேனச் சீராக் குடுக்கோம். சாவிய அண்ணாச்சி தன் கையால தட்டுல வைப்பாக."

பந்தலில் பெண்கள் குலவை போட்டார்கள். குலவை போட்ட சீரைத் திரும்பக் கேட்ட குடும்பம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பெரியவருடைய முகத்தை நான் பார்த்தேன். கோபம் கழுத்து வரை ஏறி, அங்கேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தக்காரர், "மாமன்னா இப்பிடியில்ல இருக்கணும்!" என்று அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் எழுந்தார். தாம்பாளத்தில் சாவியை வைத்தார்.

வெளியே வந்த அண்ணாச்சியிடம், "என்ன அண்ணாச்சி, இப்பிடிப் பண்ணிட்டீக?" என்றேன்.

"ஒருத்தன் வாங்குனா பங்கு. நாலு பேரு குடுத்தா சீரு. வேற வாசல் இல்ல தம்பி" என்றார்.

அந்த வாரமே தங்கை வீட்டுக்காரர் வேனை என்னிடம் கொண்டுவந்தார். நான்கும் ஒரே அளவில், ஒரே மாதிரி நைலான் டயர் போட்டுக் கொடுத்தேன். ரேடியல்கூட இல்லை, சாதாரண நைலான். ஒன்றுபோல் இருந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங் இழுப்பது நின்றுபோனது.

அண்ணாச்சிக்கு என்ன ஆனது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. என்னைத் தவிர அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மூன்று வீடும் அவரோடு பேசவில்லை. வளவுக்கு வாசல் ஒன்றுதான். தினமும் காலையும் மாலையும் மூன்று வீட்டு நடையைத் தாண்டித்தான் அவர் போய்வர வேண்டும். அவர் வரும்போது கதவு சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்குமாம். டவுனில் ஒரு வீடு பார்த்துக் குடியேறச் சொன்னேன். "போனா பிரிஞ்சு போயிட்டாருன்னு ஆயிரும். இருந்தா மூச்சு முட்டுது. முட்டட்டும், இருக்கேன்" என்றார். அவருடைய தைரியம் முழுவதும் அந்த மைக்கோடு தீர்ந்துபோனது என்று எனக்குத் தோன்றியதுண்டு. பந்தலில் அப்படிப் பேசியவர் வளவுக்குள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அந்தச் சுவர்களுக்கு நடுவிலேயே இருந்து முடிந்துபோனார்.

தங்கைக்குக் கொடுத்த வண்டியில் ஏறுவது கௌரவக் குறைச்சல் என்பதால் பிள்ளைகள் பஸ்ஸுக்கு மாறினார்கள். அண்ணாச்சிக்கும் அதே பஸ்தான். ஒருநாள் திருச்சுழியில் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது நானும் அதில் இருந்தேன். பிள்ளைகள் முன் சீட்டுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கோடு அவர் ஏறியதும், அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வீட்டில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு உடம்பு எரிந்தது. "என்ன அண்ணாச்சி இது? இதுகளுக்காகத்தான அம்புட்டும் பண்ணுனீக?" என்றேன்.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த முதுகுகளைப் பார்த்தார். பஸ் கண்மாய்க் கரை வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்னப்பா? உசுரோட உக்காந்துருக்குதுகல்ல?"

அவருடையது என்று நான் வைத்திருப்பது இந்த ஒரு பேச்சுதான். முன்பெல்லாம் தினுசு தினுசாக டயர் மாட்டிய வண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தால், நூல் அடுக்கு, பக்கச்சுவர் என்று ஆரம்பித்துவிடுவேன். யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இப்போது முதலில், "இந்த வண்டியில யாரு யாரு போவீக?" என்று கேட்கிறேன். சம்சாரம், அப்பா, பெரிய மகள், கைப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். சொல்லும்போதே பாதிப் பேர் டயரைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மீதிப் பேரிடம் வழக்கம்போல் சண்டை போடுகிறேன்.