அரிசி டிரம்முக்குள் ஐடி கார்டு

என் மகளுக்கு நாலு வயதாகியும் 'அம்மா' என்ற ஒரு சொல் வரவில்லை. நடந்ததே மூன்று வயதில்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் இருந்த மேடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "அவளா யோசிச்சு எது செஞ்சாலும் இதுல எழுதுங்கம்மா, சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். மூன்று மாதமாக அந்த நோட்டில் ஒரு வரி இல்லை. நான் யாரென்றாவது இவளுக்குத் தெரியுமா என்று எனக்கே சந்தேகம். பெற்றவள் இப்படி நினைக்கலாமா? நினைத்தேன்.

அப்போது எனக்கு ஓரகடத்தில் ஒரு கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். மதியம் ஒன்றேகாலுக்கு சேரப்பணஞ்சேரி முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். அவளிடம் சொல்லிக்கொண்டு போனதே இல்லை. எங்கள் தெருவில் வேலைக்குப் போகும் அம்மாக்கள் எல்லாருமே பிள்ளை அழும் என்று நைசாக நழுவுகிறவர்கள்தான். என் மகள் அழவும் மாட்டாள். அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

ஒரு நாள் டிவி ஸ்டாண்டில் வைத்த ஐடி கார்டைக் காணோம். கார்டு இல்லாமல் கேட்டில் விட மாட்டார்கள். வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடுவதற்குள் பஸ் போய்விட்டது. சாயங்காலம் உலை வைக்கப் போனால் கார்டு அரிசி டிரம்முக்குள் கிடக்கிறது. மறுநாள் தலையணை உறைக்குள். அன்றும் பஸ் போச்சு. சூப்பர்வைசர் போனில், "இன்னொரு தபா லீவு போட்டின்னா வேற ஆள எடுத்துடுவேன்" என்றார்.

மூன்றாம் நாள் ஹாரன் கேட்கிற நேரத்தில் கையும் களவுமாகப் பிடித்தேன். டிரம் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், கையில் கார்டு. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "சனியனே, உன்னால என் வேலையே பூடும்போலக் கீது!" அவள் அழவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். அதுவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நான் கார்டைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அடுத்த முறை மேடம் நோட்டைக் கேட்டபோது, "எழுத ஒண்ணும் இல்ல மேடம், சேட்டைதான். ஐடி கார்ட ஒளிச்சி ஒளிச்சி வெக்கிறா" என்றேன்.

"எப்ப ஒளிச்சி வெக்கிறா?"

"பஸ்சு வர்ற நேரத்துக்குத்தான்."

"மத்த நேரத்துல?"

"தொடவே மாட்டா மேடம்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க போகக்கூடாதுன்னு நெனச்சிருக்காம்மா" என்றார்.

மறுநாள் லீவு போட்டேன். வேலை போனால் போகட்டும். கார்டை அவள் கைக்கெட்டும்படி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதுபோல உட்கார்ந்தேன். ஒளித்து வைடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஹாரன் அடித்தது. அவள் கார்டை எடுத்தாள். நேராக வந்து என் மடியில் வைத்தாள். பிறகு பின்னாலேயே நகர்ந்து போய், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. நாலைந்து சொற்கள் வருகின்றன. அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆனாலும் எந்தப் பஸ் ஹாரன் அடித்தாலும் பழைய கார்டைத் தேடி எடுத்துவந்து கொடுக்கிறாள். "எம்மாம் அறிவு பாரேன் இதுக்கு!" என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. நான் கார்டை வாங்கிக்கொள்கிறேன். அவள் முதுகு சுவரைத் தேடிப் போகிறது.