காளைக் குரலில் கத்திய கிடேரி

சுசீந்திரத்தில் வயலை ஒட்டிய எங்கள் தொழுவத்தில் ஒரு கலப்பினப் பசு இரட்டைக் கன்று ஈன்றது. ஒன்று காளை, மற்றது கிடேரி. காளைக்கன்று கழிச்சல் கண்டு சில நாளிலேயே செத்துப்போனது. கிடேரி நன்றாக வளர்ந்தது. ஆனால் உரிய வயது கடந்தும் பருவத்துக்கு வரவே இல்லை.

ஒரு மத்தியானம் தொழுவத்திலிருந்து காளை முக்காரமிடும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் காளை வளர்ப்பதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தக் கிடேரிதான், கழுத்தை நீட்டி, முன்காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றது. தாய்ப்பசு கயிற்றை இழுத்துக்கொண்டு, பச்சைக் கன்றைக் கூப்பிடுவதுபோலத் தணிந்த குரலில் அதற்குப் பதில் கொடுத்தது. இரட்டைகள் பிறந்த வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் கையுறை போட்டுச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அக்கா, இது காளைக்கன்னுகூட ரெட்டையா பொறந்ததா?”

“ஆமா டாக்டர். அது அப்பவே செத்துப்போச்சு.”

“வயித்துக்குள்ள ரெண்டுக்க ரத்தமும் கலந்துபோச்சு. அதனாலயாக்கும் இதுக்குக் கர்ப்பப்பை வளரல்ல. இனி சினை பிடிக்காது. கூடப்பொறந்ததுக்க ரத்தம் இது சாவுற வரைக்கும் இதுக்க ஒடம்புல ஓடும்.”

“வித்துருவோமா, ட்டி?” என்று என் கணவர் கேட்டார். கறிக்குத்தான் போகும் என்று தெரிந்ததால் நான் வேண்டாம் என்றேன்.

இன்றும் அது தொழுவத்தில்தான் நிற்கிறது. தண்ணீர் காட்டும்போது நிமிர்ந்து பார்க்கும். இரண்டு பேர் என்னைப் பார்ப்பதுபோல இருக்கும். வாளியை வைத்துவிட்டு வேகமாக வந்துவிடுவேன்.